மூலையில் நின்ற யானை

அப்பா யானையை மூலையில் வைத்தார். என் மகள் அதை எடுத்து ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் மூலைக்கே கொண்டுபோனார்.

“தாத்தா, கஜா இங்கதான் நிக்கணும். சிக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு.”

“யானை மூலையிலதான் நிக்கும் கண்ணு. நேராப் போவும், நேரா வரும்.”

“இல்ல தாத்தா, சாய்வாத்தான் போவும்.”

மலேசியாவின் ரவாங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த வழக்கு இது. மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். சிக்கு என்பது பள்ளிக்குச் செஸ் சொல்லிக்கொடுக்க வருகிற மலாய்க்கார ஆசிரியர். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் காய்களை வைத்து ஆடும்வரை வீட்டில் சண்டை வந்ததில்லை. அந்தக் காய்களில் எதற்கும் தும்பிக்கை கிடையாது. அன்றைக்கு அலமாரியின் மேலிருந்து அப்பாவின் பழைய காய்களை இறக்கினேன். அங்கிருந்து ஆரம்பித்தது.

அவை ரப்பர் கட்டையில் செதுக்கியவை. ரவாங்குக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த நாள்களில் அப்பா தாமே செய்தவை. ஒரு பக்கத்துக் காய்களுக்கு அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தார். மற்றவை கட்டையின் வெளிர் நிறத்திலேயே இருந்து, கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறத்துக்கு வந்துவிட்டன. யானைகள்தாம் அழகு. கட்டைவிரல் உயரம், மார்பில் ஒட்டி மடங்கிய தும்பிக்கை, இரண்டு கீறலில் காது. நாலில் ஒன்றுக்குத் தந்தம் ஒடிந்திருக்கிறது. லயத்துச் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, பெரட்டு என்ற காலை ஆளெடுப்பு முடிந்து வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு, இருட்டும்வரை ஆடுவார்களாம்.

தாத்தா சொன்னதும் சரி, பேத்தி சொன்னதும் சரி. அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன். அந்த யானை 1,400 ஆண்டுகளாக நடந்திருக்கிறது. போன ஊரிலெல்லாம் அதன் சக்தியை யாரோ நாலு பேர் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பிறந்தது வட இந்தியாவில். சதுரங்கம் என்றால் நான்கு உறுப்பு: தேர், யானை, குதிரை, காலாள். தமிழில் நால்வகைப் படை என்று சொல்லி வந்ததும் இதையே. 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் இருந்த பாணரின் எழுத்திலேயே இந்த ஆட்டம் தலைகாட்டுகிறது. அங்கிருந்து பாரசீகம் போய்ச் சத்ரங் ஆனது. அரபு மொழியில் சத்ரஞ்ச். அந்தப் பயணத்தில் யானைக்கு இருந்த சக்தி விசித்திரமானது. மூலைவிட்டமாக, நடுவில் யார் நின்றாலும் தாண்டி, இரண்டாவது கட்டத்தில் போய் இறங்கும். ஒரு கட்டம் நகர முடியாது, மூன்று கட்டமும் முடியாது. 64 கட்டங்களில் ஒரு யானை தன் வாழ்நாள் முழுக்க மிதிக்கக் கூடியவை எட்டே எட்டுக் கட்டங்கள். அதனால் மதிப்பும் குறைவு. பழைய அரபு ஆட்டக்காரர்கள் காய்களுக்கு விலை போட்டபோது தேர் ஒரு திர்ஹம் என்றால் யானை கால் திர்ஹம்தான்.

ஆனால் அந்தக் காலத்திலேயே இந்தியாவுக்குள் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. 9ஆம் நூற்றாண்டில் சதுரங்கம் பற்றி எழுதிய அல்-அத்லி, இந்தியர்கள் யானையை மூலையில் நிறுத்தி நேராக இரண்டு கட்டம் தாவ விடுகிறார்கள் என்று குறித்து வைத்தார். இருநூறு ஆண்டு கழித்து வந்த அல்-பிரூனி இன்னொன்றைப் பார்த்தார். யானை முன்னால் ஒரு கட்டம் போகலாம். நான்கு சாய்வுத் திசைகளிலும் ஒவ்வொரு கட்டம் போகலாம். ஆக ஐந்து அடி. ஒரு தும்பிக்கை, நாலு கால் என்று கணக்கு. இந்த ஐந்தடி யானை செத்துப்போகவில்லை. பர்மியர்களின் சதுரங்கத்தில் இன்றும் அப்படியே நடக்கிறது. தாய்லாந்துச் சதுரங்கத்தில் அதே நடை வேறு பெயரில் இருக்கிறது. சீனர்களின் பலகையில் யானை இரண்டு கட்டம் சாய்வாகப் போகும். நடுவில் ஒரு காய் நின்றால் தாண்டாது, பலகையின் நடுவில் இருக்கும் ஆற்றைக் கடக்கவும் கூடாது. ஒரே மிருகம், ஊருக்கு ஒரு நடை. எந்த அரசனும் சட்டம் போட்டு இது நடக்கவில்லை. “நம்ம ஊர்ல இப்படி” என்று யாரோ சொன்னார், எதிரே உட்கார்ந்தவர் தலையாட்டினார். அவ்வளவுதான்.

மேற்கே போன யானைக்கு உருவமே போயிற்று. உருவம் செதுக்காத வழக்கத்தில் செய்த அரபுக் காய்களில் இரண்டு தந்தங்களுக்கு அடையாளமாக இரண்டு சின்ன முனைகள் மட்டும் மிஞ்சின. யானையையே பார்த்திராத ஐரோப்பியர்கள் அந்த இரண்டு முனைகளைப் பார்த்து, இங்கிலாந்தில் பிஷப்பின் தொப்பி என்று எடுத்துக்கொண்டார்கள். பிரான்சில் கோமாளி ஆக்கினார்கள். ஸ்பானியரோ ‘அல்-ஃபீல்’ என்ற அரபு யானையை ‘அல்ஃபில்’ என்று இன்றுவரை வைத்திருக்கிறார்கள். ரஷ்யர்களுக்கு அது இப்போதும் ‘ஸ்லோன்’, யானையேதான்.

1475 வாக்கில் ஸ்பெயினின் வலென்சியாவில் பெரிய மாற்றம் வந்தது. அதுவரை ஒரே ஒரு கட்டம் சாய்வாக நகர்ந்துகொண்டிருந்த மந்திரி ராணியாகி, எட்டுத் திசையிலும் எவ்வளவு தூரமும் போகலாம் என்றார்கள். யானைக்கும் தாவலை எடுத்துவிட்டு, சாய்வுக் கோட்டில் முழுத் தூரமும் போகும் உரிமையைக் கொடுத்தார்கள். 1497இல் சாலமன்காவில் லுசேனா அச்சிட்ட நூலில் பழைய ஆட்டம், புதிய ஆட்டம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வெறிபிடித்த ராணியின் ஆட்டம் என்று இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இதற்குப் பெயர் வைத்தார்கள். பழைய ஆட்டம் நிதானமானது, படைகள் சந்திப்பதற்கே வெகுநேரம் ஆகும். புதிய ஆட்டத்தில் நாலாவது நகர்த்தலிலேயே ராஜா மாட்டிக்கொள்ளலாம். கால் திர்ஹம் யானை திடீரெனப் பெரிய காய் ஆகிவிட்டது.

இந்த மாற்றம் முழுக்க மேற்கே நடந்தது. எனக்கு மனம் போவது கிழக்கே வந்த கப்பல்களின் பக்கம்.

சுமத்ராவின் மேற்குக் கரையில், பாரூஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினருடையது. கற்பூரத்துக்கும் பொன்னுக்கும் வந்தவர்கள் சொற்களையும் இறக்கிவிட்டுப் போனார்கள். கடை மலாயில் ‘கெடாய்’, முதல் ‘மொடால்’, கோயில் ‘குயில்’. அந்த வரிசையில் பலரும் கவனிக்காத ஒன்று சதுரங்கப் பலகையின் மூலையில் நிற்கிறது. மலாயில் அந்தக் காயின் பெயர் ‘திர்’. அது நம் தேர்.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் மார்ஸ்டன். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக சுமத்ராவில் இருந்துவிட்டுப் போய், சுமத்ராவின் வரலாறு என்ற நூலை 1783இல் வெளியிட்டவர். 1811இல் அதைத் திருத்தி மறுபடியும் பதிப்பித்தார். மலாய்க்காரர்கள் இந்த ஆட்டத்தை யானை விளையாட்டு என்று சொல்வதையும், காய்களுக்கு ராஜா, மந்திரி, கஜா, குடா, தேர், பிடாக் என்று பெயர் வைத்திருப்பதையும் வரிசையாக எழுதுகிறார். மூலைக்காயின் பெயர் மட்டும் தமிழிலிருந்து வந்தது என்றும், தெய்வங்களை ஏற்றி ஊர்வலம் இழுக்கிற வண்டிக்குத் தமிழர் சொல்லும் பெயர் அது என்றும் விளக்குகிறார். மகளிடம் இதைச் சொன்னதும், “பத்துமலைக்குப் போற வெள்ளி ரதமா?” என்று கேட்டாள். ஆமாம், அதேதான். தைப்பூசத்தன்று எங்கள் ஊருக்கும் கோலாலம்பூருக்கும் நடுவில் லட்சம் பேர் சூழ நிற்கிற அதே தேர், அவள் பள்ளிக்கூடத்துப் பலகையில் நாலு மூலையிலும் நிற்கிறது.

மலாக்காவிலும் இந்த ஆட்டம் பரவலாக இருந்தது. சுமத்ராவின் பாசையிலிருந்து வந்த துன் பஹாரா என்ற தேர்ந்த ஆட்டக்காரரைப் பற்றி மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவே சொல்கிறது. 1509இல் மலாக்காவுக்கு வந்த போர்ச்சுகீசியத் தளபதி செக்வெய்ரா கப்பலில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தபோதுதான், தன்னைக் கொல்லத் திட்டம் என்ற எச்சரிக்கை அவர் காதுக்கு வந்தது என்று போர்ச்சுகீசியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது அப்பாவின் பலகைக்கு வருவோம். தமிழில் இன்று நாம் காய்களை எப்படிச் சொல்கிறோம்? மூலையில் யானை, அடுத்து குதிரை, அடுத்து மந்திரி, நடுவில் ராஜாவும் ராணியும். தேர் இல்லவே இல்லை. மலாயில் மூலையில் தேர், அடுத்து குதிரை, அடுத்து யானை, நடுவில் ராஜாவும் மந்திரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வீட்டில் விருந்தாளி வந்தபோது நடப்பது போலிருக்கிறது. ராணி வந்து மந்திரியின் இடத்தில் உட்கார்ந்தாள். மந்திரி நகர்ந்து யானையின் இடத்துக்குப் போனார். யானை மூலைக்குப் போனது. மூலையிலிருந்த தேருக்கு இடமில்லை. மூலை யானை புதிதல்ல என்பதற்கு அல்-அத்லியே சாட்சி, ஆகவே இப்படி ஒரே நாளில் நடந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழர்கள் தேர் என்று ஒரு காயை வைத்து ஆடிய காலம் இருந்தது என்பதற்கு இன்று மலாய்ச் சொல்லே சான்றாக நிற்கிறது. வீட்டில் தொலைந்த பொருள் பக்கத்து வீட்டில் பத்திரமாக இருப்பதைப் போல.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு ஒரு மலையாள நண்பர் உண்டு. அவரிடம் காய்களின் பெயர் கேட்டேன். ராஜாவு, மந்த்ரி, ஆன, குதிர, தேரு, காலாள் என்றார். மூலையில் தேர், ராஜாவுக்கு அருகே ஆன. அப்படியே மலாய்ப் பலகை! கேரளத்தில் ஒரு பாட்டியும் சுமத்ராவில் ஒரு மீனவரும் மொழி தெரியாமலே உட்கார்ந்து ஆடியிருக்கலாம். அப்பாவும் என் மகளும் ஒரே மொழி பேசிக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

அப்பாவின் யானைக்கு வேறு வேலைகளும் இருந்தன. தோட்டத்து ஆட்டத்தில் சிப்பாய் முதலிலும் ஒரே கட்டம்தான் போகும். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் விரும்பியபடி ராணியாக முடியாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்காரன் ஆகும். ஓரத்து வரிசையில் போன சிப்பாய் யானை ஆகும், அதன் பக்கத்து வரிசையில் போனது குதிரை ஆகும். அதனால் எந்தச் சிப்பாயை விட்டுக்கொடுப்பது, எதைக் காப்பது என்பது முதலிலிருந்தே ஒரு கணக்கு. ராஜாவுக்கு ஒரு சலுகை: யாரும் ‘ராஜா’ என்று கூவி மிரட்டாத வரை, ஒரே ஒரு தடவை குதிரையைப் போலப் பாயலாம். “ஒருக்கா பாஞ்சிட்டா அப்புறம் நடைதான்” என்பார் அப்பா. இதெல்லாம் அவர்கள் லயத்தில் கண்டுபிடித்ததல்ல. இந்தியாவின் பல பகுதிகளில் ஆடி வந்த முறை. ராஜாவின் பாய்ச்சல் மலாய்த் தீவுகளிலும் இருந்தது.

அந்த முறையில் வளர்ந்தவர்தான் பஞ்சாபின் மிர் சுல்தான் கான். 1928இல் இந்தியச் சாம்பியன். சிறு வயதில் பழகியதை உதறி, சிப்பாயின் இரட்டை அடியையும் புதிய கோட்டை கட்டும் முறையையும் வளர்ந்த பிறகு பழகிக்கொண்டு இங்கிலாந்து போனார். 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலகச் சாம்பியன் காப்பாபிளாங்காவையே வென்றார். கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவர் பெயருக்கு 2024இல்தான் வந்தது, அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்து. அவர் விட்டுவிட்டுப் போன ராஜாவின் பாய்ச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 1924இல் பாரிஸில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தொடங்கிய பிறகு போட்டி மேசைக்கு உலகம் முழுக்க ஒரே விதி என்று மெல்ல ஆயிற்று. அது வேண்டியதுதான், இல்லாவிட்டால் ரவாங் பிள்ளை சென்னைப் பிள்ளையோடு ஆட முடியாது. ஆனால் வீட்டுக்குள் அந்த விதி வர வேண்டிய கட்டாயம் இல்லை.

இதை எனக்குப் புரிய வைத்தவன் அண்ணன் மகன். கல்லூரி நண்பர்கள் நாலைந்து பேரோடு எங்கள் வீட்டு மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவான். இருபது முகப் பகடை, ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன். ஒருநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். மந்திரவாதிக்குச் சக்தி அதிகம், வாள் தூக்குகிறவன் சும்மா நிற்கிறான் என்று புகார். மந்திரங்களை வரிசை மாற்றினார்கள், சிலதை எடுத்து வீரனுக்குக் கொடுத்தார்கள், ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். “இது எங்க வீட்டு ரூல் சித்தப்பா” என்றான். வலென்சியாவில் மந்திரியை ராணியாக்கிய இரவும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

நினைத்தது வெறும் ஒப்புமை இல்லை. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஸ்விக்கில் ஆசிரியராக இருந்த ஹெல்விக், சதுரங்கத்தை விரித்து மலை, ஆறு, பீரங்கி எல்லாம் சேர்த்து ஒரு போர் விளையாட்டு செய்தார். 1824இல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் வரைபடமும் பகடையும் நடுவரும் கொண்ட ஆட்டத்தைப் படைக்குக் கொண்டுபோனார். அந்த மரபில் வளர்ந்த அமெரிக்கப் போர் விளையாட்டுக்காரர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். எங்கள் மேசையில் உருண்ட இருபது முகப் பகடைக்கும் அலமாரி மேலிருந்த ரப்பர் கட்டை யானைக்கும் ஒரே பாட்டன்.

யானை வழக்கு ஒருநாள் திரையிலும் நடந்தது. 2024 டிசம்பர் 12 அன்று மாலை அப்பா, மகள், நான் மூவரும் தொலைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துச் சிங்கப்பூரில் நடந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் உலகப் பட்டத்தின் பதினாலாவது, கடைசி ஆட்டம். முடிவில் இருவரிடமும் ராஜா, ஒரு மூலைக்காய், ஒரு சாய்வுக்காய், மிச்சம் சில சிப்பாய்கள். டிரா என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் மூலைக்காயைக் கொண்டுவந்து குகேஷின் மூலைக்காய் எதிரே வைத்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யானைக்கு யானை போகப்போவுது!”

போனது. குகேஷ் வெட்டினார், டிங் பதிலுக்கு வெட்டினார். அடுத்து குகேஷ் தன் சாய்வுக்காயை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“தாத்தா, போனது திர். இப்பதான் கஜாவுக்குக் கஜா போகப்போவுது!”

அது போவதற்குள் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்பாவின் யானைகள் பலகையை விட்டு இறங்கின, மகளின் யானைகள் பலகையிலேயே நின்றன. பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் உலகச் சாம்பியன் ஆனான். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்குக்கு நான் சொன்ன தீர்ப்பு: முதல் ஆட்டம் தாத்தா விதி, இரண்டாம் ஆட்டம் சிக்கு விதி. மூன்றாவது ஆட்டத்துக்கு நான் பழைய யானையைக் கேட்டேன். மூலையில் வேண்டாம், ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். ஆனால் தாவட்டும், சாய்வாக இரண்டாவது கட்டத்துக்கு, 1,400 ஆண்டுக்கு முன்னால் தாவியது போல. மூலைக்குத் தேர் வேண்டுமே என்று மகள் அண்ணன் மகனின் பெட்டியிலிருந்து நாலு பகடைகளை எடுத்து வந்து மூலைக்கொன்றாக வைத்தாள்.

அப்பாவுக்கு முதலில் கைவரவில்லை. யானையை எடுப்பார், நேரே நகர்த்தப் போவார், நிறுத்துவார். பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. தந்தம் ஒடிந்த யானை குதிரையின் தலைக்கு மேலே தாவிப் போய் ஒரு சிப்பாயை எடுத்தபோது வாய்விட்டுச் சிரித்தார். மகள் தன் கரி யானையை வைத்து அதைத் துரத்த ஆரம்பித்தாள். ஒரு தாவல், இன்னொரு தாவல். பக்கத்துக் கட்டம்வரை வருகிறது, சேரவில்லை. திரும்பிப் போய் வேறு வழியாக வந்தாள். அப்போதும் சேரவில்லை. காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அது போகக்கூடிய கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எட்டு. பிறகு தாத்தாவின் யானைக்கு எண்ணினாள். அதற்கும் எட்டு. ஒரு கட்டம்கூடப் பொதுவில் இல்லை. மற்ற இரண்டுக்கும் எண்ணிப் பார்த்தாள்.

“தாத்தா, இந்த நாலும் ஒண்ணையொண்ணு தொடவே முடியாது.”

அப்பா குனிந்து பலகையைப் பார்த்தார். அவரும் ஒருமுறை விரல்விட்டு எண்ணினார். “ஆமா கண்ணு” என்று சொல்லிவிட்டு, தன் யானையை எடுத்து அதன் அடுத்த கட்டத்தில் வைத்தார்.